ஒரு 'யு', ஓர் அடிக்கோடு: எம்டிஏடிஎம் – ஆறு ஆண்டுப் பழக்கத்துக்குப் பின் ஒரு மதிப்புரை

கடைச் சர்வர் பெட்டிக்குள் பல்லி புகுந்துவிட்டது என்று முதலில் கண்டுபிடித்தவன் வேலைக்கு இருக்கும் பையன்தான். "அண்ணாச்சி, அரை மணிக்கு ஒரு தடவை பல்லி சொல்கிறது. நல்ல சகுனமா, கெட்ட சகுனமா தெரியவில்லை" என்றான். காது கொடுத்துக் கேட்டேன். டிக், டிக், டிக் என்று மூன்று. சற்று இடைவெளி. மறுபடி மூன்று. டார்ச் அடித்துப் பெட்டியின் பின்பக்கம், மேசைக்கு அடியில், ஏசி குழாய் போகும் ஓட்டை என்று எல்லா இடத்திலும் தேடினோம். பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்தபோது அந்த டிக் கையில் தெரிந்தது. பல்லி கத்தினால் தகரம் அதிராது.

நான் சிவகாசியில் காலண்டர் வடிவமைப்பவன். ஆடிப்பெருக்கு அன்று அடுத்த ஆண்டுக்கான காலண்டர் ஆல்பத்தை வெளியிடுவது எங்கள் ஊர் வழக்கம். அதற்குள் முருகன், லட்சுமி, வேளாங்கண்ணி மாதா, மெக்கா, அருவி, சிரிக்கும் குழந்தை என்று அத்தனை படங்களையும் முடித்து அச்சகத்துக்குக் கொடுத்தாக வேண்டும். பல்லி சொன்னது ஆனிக் கடைசியில். இதைவிடக் கெட்ட சகுனம் பஞ்சாங்கத்தில் கிடையாது.

எங்கள் பெட்டியில் 4 டிபி கொள்ளளவுள்ள ஹார்ட் டிஸ்க் இரண்டு இருக்கின்றன. ஒன்றில் எழுதுவது அப்படியே மற்றதிலும் எழுதப்படும். இதை மிரர் என்பார்கள், ரெய்டு 1 என்றும் சொல்வார்கள். இந்த ஏற்பாட்டை லினக்ஸ் என்ற இயங்குதளத்தில் நடத்திக்கொடுப்பதுதான் நான் இங்கே எழுதவந்த எம்டிஏடிஎம் (mdadm) என்ற மென்பொருள். (ரெய்டு என்ற சொல்லை எங்கள் ஊரில் யோசித்துத்தான் பயன்படுத்த வேண்டும். "ரெய்டு போய்விட்டது" என்று நான் தொலைபேசியில் சத்தமாகச் சொன்னதைக் கேட்டு, பக்கத்து அச்சகத்தின் கணக்குப்பிள்ளை எழுந்து வந்து வாசலை எட்டிப் பார்த்தார்.)

பெட்டியில் நுழைந்து நிலவரம் கேட்டேன். இரண்டு டிஸ்க்கும் நலமாக இருந்தால், வரியின் கடைசியில் சதுர அடைப்புக்குள் 'யு' என்ற ஆங்கில எழுத்து அடுத்தடுத்து இரண்டு முறை நிற்கும். எனக்குக் கிடைத்தது ஓர் அடிக்கோடும் ஒரு யு-வும். இடப்பக்கத்து ஆள் இல்லை. அதுகூடப் பரவாயில்லை. பழைய பதிவுகளைப் புரட்டிப் பார்த்தபோதுதான் வயிறு கலங்கியது. அந்த டிஸ்க்கை மிரரிலிருந்து தள்ளிவைத்து அன்றோடு 43 நாள் ஆகியிருந்தது. இந்த 43 நாளும் எங்கள் ஆல்பம் மொத்தமும் ஒற்றை டிஸ்க்கில் நின்றுகொண்டிருந்தது. இடையில் ஆறு முறை சனிக்கிழமை இரவு நிறுத்தித் திங்கள் காலை ஓடவிட்டிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் பெட்டி ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் எழுந்து வேலையைப் பார்த்திருக்கிறது.

இந்த மென்பொருளின் மேல் எனக்கு இருக்கும் மரியாதையும் கோபமும் இந்த ஓரிடத்திலேயே இருக்கின்றன. மரியாதை எதற்கென்றால், ஒரு டிஸ்க் செத்ததை நான் உணரவே இல்லை. பையன் உணரவில்லை. நாள் முழுக்கக் கோப்புகளைத் திறந்து மூடும் நான்கு பேரில் எவரும் உணரவில்லை. மிரர் என்பதன் வேலையே அதுதான். கோபம் எதற்கென்றால், நான் உணரவே இல்லை.

முதலில், ஊமைபோல் இருந்துவிட்டதே என்று அதைத் திட்டினேன். பிறகு பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கும் என் தங்கை மகனைக் கூப்பிட்டேன். 2018 ஆவணியில் விடுமுறைக்கு வந்தபோது இந்தப் பெட்டியை அமைத்துக் கொடுத்தவன் அவன். "மாமா, ரூட் என்ற நிர்வாகி பெயரில் இருக்கும் அஞ்சல்பெட்டியைத் திறந்து பாருங்கள்" என்றான். திறந்தேன். முப்பத்தெட்டுக் கடிதங்கள். ஞாயிறு போக, நாளுக்கு ஒன்று வீதம் எழுதியிருக்கிறது. மிரர் குறைபட்டு நிற்கிறது என்று விவரம் சொல்லி, கீழே 'ஃபெயித்ஃபுல்லி யுவர்ஸ், எட்செட்ரா' என்று கையொப்பமிட்டு, அதற்கும் கீழே பின்குறிப்பாக நிலவர வரிகளையும் ஒட்டி அனுப்பியிருக்கிறது. பழைய தாசில்தார் அலுவலகக் கடிதம்போல் 'தங்கள் உண்மையுள்ள, இத்யாதி'. முப்பத்தெட்டு முறை உண்மையுள்ளவனாக இருந்திருக்கிறது, பாவம். அந்தக் கடிதங்கள் எல்லாம் அதே பெட்டிக்குள், எவரும் திறக்காத ஒரு மூலையில் குவிந்து கிடந்தன.

என் மின்னஞ்சல் முகவரியை அமைப்புக் கோப்பில் ஒரே ஒரு வரியாகச் சேர்த்திருக்க வேண்டும். பெட்டி வெளியூருக்கு அஞ்சல் அனுப்ப வழியும் செய்திருக்க வேண்டும். மருமகன் அன்றைக்குச் செய்துவிட்டுப் போகவில்லை, நானும் ஆறு ஆண்டில் ஒருநாளும் கேட்கவில்லை. தவறு எங்கள் இருவருடையது. ஆனாலும் ஒரு பொருளைப் பற்றி எழுதும்போது இதைக் குறையாகத்தான் எழுதுவேன். நிறுவும்போது "உன் முகவரி என்ன?" என்று பிடிவாதமாகக் கேட்டிருக்கலாம். சோதனைக் கடிதம் அனுப்பிப் பார்க்கவும் இதில் ஒரு கட்டளை இருக்கிறது. அதைப் போட்டுக் கடிதம் கைக்கு வந்த பிறகே உங்கள் மிரரை மிரர் என்று அழையுங்கள்.

கொஞ்சம் பூர்வீகம் சொல்லிவிடுகிறேன். ரெய்டு என்ற பெயர் பரவியது 1988-இல் டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி காட்ஸ் என்ற மூவர் பெர்க்லியிலிருந்து வெளியிட்ட ஆய்வுக்கட்டுரையால். விலை உயர்ந்த ஒரு பெரிய டிஸ்க்குக்குப் பதிலாக மலிவான பல டிஸ்க்குகளைக் கூட்டாக வேலை வாங்கலாம் என்பது அதன் சாரம். அந்தப் பெயரில் இருக்கும் 'ஐ' என்ற எழுத்து முதலில் 'மலிவு' என்ற பொருளில்தான் வந்தது. எங்களைப் போன்ற சிறு கடைக்காரர்களுக்கு இது பிடித்துப்போவதில் வியப்பில்லை. எம்டிஏடிஎம் கருவியை எழுதத் தொடங்கியவர் நீல் பிரவுன் என்ற ஆஸ்திரேலியர், ஆண்டு 2001. விலை கிடையாது. கடைகளில் விற்கும் சினாலஜி, க்யூநாப் சேமிப்புப் பெட்டிகளைத் திறந்து பார்த்தால் உள்ளேயும் அடித்தளமாக இருப்பது லினக்ஸின் எம்டி என்ற இதே ரெய்டு ஏற்பாடுதான்.

மிரர் வேலையைத் தானே பார்த்துக்கொள்ளும் தனி ரெய்டு கார்டு வாங்கிப் போடச் சொன்னவர்கள் உண்டு. வேண்டாம் என்பது என் கட்சி. கார்டு செத்தால் பெரும்பாலும் அதே வகைக் கார்டைத் தேடி அலைய வேண்டும், அது அதற்குள் விற்பனையிலேயே இருக்காது. 2021-இல் எங்கள் பெட்டியின் மதர்போர்டு கருகியது. இரண்டு டிஸ்க்கையும் கழற்றி, வீட்டில் சும்மா கிடந்த வேறொரு பெட்டியில் மாட்டினேன். இது யார், எந்த மிரரைச் சேர்ந்தவர், எத்தனையாவது ஆள் என்ற குறிப்பை ஒவ்வொரு டிஸ்க்கும் தன் தலைமாட்டிலேயே வைத்திருக்கிறது. புதுப்பெட்டி அதைப் படித்துவிட்டு ஒன்றும் கேட்காமல் மிரரை எழுப்பியது. அன்றைக்கே இதற்கு முழு மதிப்பெண் போட்டுவிட்டேன்.

ஆனால் மிரர் இருக்கிறதே என்று பிரதி எடுக்காமல் இருப்பவர்கள் தயவுசெய்து இந்தப் பத்தியைப் படியுங்கள். 2022-இல் வேறொரு பையன் 'லட்சுமி பழையது' என்ற கோப்புறையை நீக்கப்போய் 'லட்சுமி' என்பதையே நீக்கிவிட்டான். மிரர் தன் கடமையைச் செய்தது. இரண்டு டிஸ்க்கிலிருந்தும் ஒரே நொடியில் லட்சுமி வெளியேறினாள். அன்றிலிருந்து வாரம் ஒருமுறை வெளியே ஒரு யுஎஸ்பி டிஸ்க்கில் தனிப் பிரதி எடுக்கிறேன். இந்த முறையும் அடிக்கோட்டைப் பார்த்தவுடன் முதல் வேலையாக அந்த யுஎஸ்பி டிஸ்க்கைச் செருகிப் புதுப்பித்தேன். அது முடியும்வரை பெட்டியின் மூடியைக்கூடத் தொடவில்லை.

செத்தது டிஸ்க்கா, கேபிளா என்று பார்க்க வேண்டும். இதற்கு ஸ்மார்ட் என்ற பதிவேடு ஒவ்வொரு டிஸ்க்குக்குள்ளும் இருக்கிறது. அதில் நான் பார்ப்பது நான்கே எண். 5 என்ற வரி, கெட்டுப்போய் வேறிடத்துக்கு மாற்றிய செக்டர்களின், அதாவது டிஸ்க்கின் சிறு சேமிப்புத் துண்டுகளின் கணக்கு. 197, படிக்க முடியாமல் தீர்ப்புக்காகக் காத்திருப்பவை. 198, படிக்கவே முடியாது என்று கைவிட்டவை. 199 ஏறியிருந்தால் பெரும்பாலும் குற்றவாளி கேபிள். எங்கள் ஆளுக்கு 5-இல் ஆயிரத்துக்கு மேல், 197-இல் முந்நூற்றுச் சொச்சம், 199-இல் சுழியம். கேபிள் நிரபராதி. ஓடிய நேரம் 44 ஆயிரம் மணி. அரை மணிக்கு ஒரு தடவை பல்லி சொன்னதன் காரணமும் விளங்கியது. இந்தப் பதிவேட்டை வாசிக்கும் காவல் நிரல் முப்பது நிமிடத்துக்கு ஒருமுறை டிஸ்க்கைத் தட்டி நலம் விசாரிக்கும். விசாரிக்கும்போதெல்லாம் அது இருமியிருக்கிறது.

புது டிஸ்க் வாங்கிய கதைக்கு இரண்டு பாகம். அவசரத்தில் முதலில் இணையத்தில் ஒரு விற்பனையாளரிடம் போட்டேன். பெயர் வேண்டாம். புதியது என்று போட்டிருந்தார்கள், விலையும் ஆயிரம் ரூபாய் குறைவு. மூன்றாம் நாள் வந்தது. பெரிய அட்டைப்பெட்டிக்குள் ஒரே சுற்றுக் குமிழித் தாளில் சுற்றி, ஆட்டினால் நெல்லிக்காய் மூட்டை மாதிரி உருண்டது. மாட்டிப் பார்த்தேன். 'புதிய' டிஸ்க் ஓடிய நேரம் 11,240 மணி. ஓர் ஆண்டுக்கும் மேலாக எங்கோ குடித்தனம் நடத்திவிட்டு வந்திருக்கிறது. திருப்பி அனுப்பினேன், பணம் ஒன்பது நாள் கழித்து வந்தது. டிஸ்க் வாங்குகிறவர்கள் பெட்டியின் சீலைப் பார்க்காதீர்கள், இந்த மணிக்கணக்கைப் பாருங்கள். சீலை எவனும் ஒட்டுவான்.

பையன் பைக்கை எடுத்துக்கொண்டு பேருந்து நிலையத்தில் விட, மதுரைக்குப் போனேன். அங்கே ஒரு பழைய கடை. படியேறிப் போக வேண்டும், அட்டை வாங்க மாட்டார்கள், மதியம் இரண்டிலிருந்து நான்குவரை ஷட்டர் பாதி இறங்கியிருக்கும். இத்தனையும் சகித்துக்கொள்ளலாம். கடைக்காரர் கேட்ட முதல் கேள்வியே, "தனியாகப் போடவா, ஜோடியில் போடவா?" ஜோடி என்றதும் கையிலெடுத்த பெட்டியை வைத்துவிட்டு உள்ளே போய் வேறு எடுத்துவந்தார். நான் காரணம் கேட்டேன், அவர் சொன்னது இது.

இப்போது விற்கும் டிஸ்க்குகளில் ஒரு வகை, தட்டின் மேல் வட்டவட்டமாக ஓடும் தடங்களை ஓடு வேய்ந்ததுபோல் ஒன்றன்மேல் ஒன்று கொஞ்சம் ஏறிப் படுத்திருக்கும்படி எழுதுகிறது. குறைந்த இடத்தில் நிறைய அடைக்கலாம். ஆனால் கூரையின் நடுவில் ஓர் ஓட்டை மாற்ற வேண்டுமென்றால் மேலே படுத்திருக்கும் ஓடுகளையும் எடுத்து அடுக்க வேண்டுமல்லவா, அதே கதிதான். மிரரைத் திரும்பக் கட்டும்போது மணிக்கணக்காக எழுத்து விழும், பையன்கள் நடுவில் வேலையும் செய்வார்கள், டிஸ்க் மூச்சுத் திணறும். பெரிய தயாரிப்பாளர்கள் சில மாடல்களில் இதைச் சொல்லாமலே விற்றது 2020-இல் வெளிவந்து சர்ச்சையானது. அதற்குப் பிறகு வகையை வெளிப்படையாகச் சொல்கிறார்கள். பழைய பாணியில், ஒன்றையொன்று தொடாத தடங்களில் எழுதும் டிஸ்க்கைக் கேட்டு வாங்க வேண்டும்.

இன்னொன்றும் சொன்னார், எனக்கு அது புதிது. சாதாரண மேசைக் கம்ப்யூட்டர் டிஸ்க், படிக்க முடியாத இடம் வந்தால் விடாமல் முட்டி மோதும், சமயத்தில் நிமிடக் கணக்கில். தனியாக இருக்கும் டிஸ்க்குக்கு அந்தப் பிடிவாதம் நல்லது, அதை விட்டால் வேறு பிரதி இல்லை. ஜோடியில் இருப்பதற்கு ஆகாது. லினக்ஸ் வழக்கமாக 30 நொடி பொறுக்கும், பிறகு டிஸ்க்கே போய்விட்டது என்று எண்ணிக்கொள்ளும். மிரருக்கென்று வரும் டிஸ்க்குகள் ஏழு நொடி முயன்றுவிட்டு "எனக்கு முடியவில்லை, கூட்டாளியிடம் கேள்" என்று சொல்லிவிடும்படி அமைத்து வருகின்றன. காலண்டர் தொழிலில் கூட்டு வைத்து நொந்த எனக்கு இந்த ஏழு நொடிப் பண்பு மிகவும் பிடித்துவிட்டது.

விலை 10,400 ரூபாய், 18 சதவீத ஜிஎஸ்டி உள்பட. என் கண் முன்னால் பிரித்து, டிஸ்க்கைச் சோதிக்கும் ஒரு டாக்கில் செருகி, ஓடிய மணி சுழியம் என்று காட்டி, வரிசை எண்ணைப் பில்லில் கையால் எழுதிக் கொடுத்தார். பேரம் படியவில்லை. தேநீர் வந்தது. திருமங்கலம் தாண்டும்வரை பேருந்தில் நின்றுகொண்டே, டிஸ்க்கைத் துண்டில் சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தேன். உட்கார இடம் கொடுத்த அம்மாள் உள்ளே என்ன குழந்தையா என்று கேட்டார்.

மாற்றும் வேலையில் மிரருக்கு உண்மையான ஆபத்து மனிதக் கையால்தான் வரும். மூன்றே சொல் அந்தக் கருவிக்கு. கெட்டுவிட்டதாக அறிவிக்க ஃபெயில், கூட்டிலிருந்து எடுக்க ரிமூவ், புதியதைச் சேர்க்க ஆட். எங்கள் டிஸ்க் ஏற்கெனவே வெளியே நின்றதால் முதல் இரண்டுக்கும் அவசியமில்லாமல் போயிற்று. ஆனால் பெட்டியைத் திறந்தால் உள்ளே ஒரே கம்பெனி, ஒரே மாடல், ஒரே நாளில் வாங்கிய இரண்டு டிஸ்க்குகள் இரட்டைப் பிள்ளைகள்போல் படுத்திருக்கின்றன. எது செத்தது? லினக்ஸ் வைக்கும் பெயரை நம்பக் கூடாது. முதலாவது, இரண்டாவது என்று அது வைக்கும் பெயர்கள் ஒவ்வொரு முறை எழும்போதும் மாறக்கூடியவை.

"மாமா, எந்த டிஸ்க்கைக் கழற்றப் போகிறீர்கள்?" என்றான் மருமகன் தொலைபேசியில்.

"மேலே இருப்பதை."

"எப்படித் தெரியும்?"

தெரியாதுதான். முதலில் இருப்பது முதல் ஆள் என்று நானே எண்ணிக்கொண்டேன். பெட்டியை நிறுத்தாமல், நலமாக இருக்கும் டிஸ்க்கின் வரிசை எண்ணைத் திரையில் எடுக்கச் சொன்னான். கடைசி நான்கு இலக்கம் 7046. செத்ததற்கு 3318. பிறகு பெட்டியை நிறுத்தி, மின்கம்பியைப் பிடுங்கி, மூடியைக் கழற்றினேன். லேபிள்கள் உட்பக்கம் திரும்பியிருந்தன. தலையை நுழைக்க முடியாது. கைபேசியைத் தலைகீழாக உள்ளே விட்டு இரண்டையும் படம் எடுத்தேன். மேலே இருந்தது 7046. நான் நினைத்தபடி கழற்றியிருந்தால் ஆல்பம் மொத்தத்தையும் கையில் பிடித்துக்கொண்டு, இருமும் டிஸ்க்கை உள்ளே விட்டிருப்பேன். கழற்றுவதால் தரவு அழியாது, மறுபடி மாட்டினால் வந்துவிடும் என்று மருமகன் ஆறுதல் சொன்னான். அழிவது அடுத்த படியில்தான், அங்கேயும் இதே குழப்பம் தொடர்ந்தால்.

அடுத்த படி, உயிரோடிருக்கும் பழைய டிஸ்க்கின் பாகப்பிரிவினை அட்டவணையை, அதாவது எந்தப் பகுதி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்ற குறிப்பை, புதியதில் அப்படியே நகலெடுப்பது. இது எம்டிஏடிஎம் வேலை அல்ல, எஸ்ஜிடிஸ்க் என்ற வேறொரு கருவி. இதை எழுதியவர் மேல் எனக்கு மனத்தாங்கல் உண்டு. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நகல் எடுக்கிறேன் என்றால், எதிலிருந்து என்பதை முதலிலும் எதற்கு என்பதைப் பிறகும் சொல்வதுதானே வழக்கம். இதில் தலைகீழ். நகலெடு என்ற குறியோடு முதலில் ஒட்டிவருவது புது டிஸ்க்கின் பெயர், கடைசியில் நிற்பதுதான் மூலம். மாற்றிப் போட்டால் வெற்று டிஸ்க்கின் வெற்று அட்டவணை, உயிரோடிருக்கும் ஒரே டிஸ்க்கின் மேல் போய் விழும். அதனால் முதலில் அட்டவணையை ஒரு கோப்பில் சேமித்து வைத்தேன். பிறகு கட்டளையைத் தட்டி, என்டரை அழுத்தாமல், வரிசை எண்களோடு சேர்த்து மருமகனுக்குத் தொலைபேசியில் வாய்விட்டுப் படித்தேன். நெட்டெழுத்து விட்டுப்போகாமல் வாசிக்கச் சொல்லும் தமிழ் வாத்தியார் மாதிரி இரண்டு முறை படிக்க வைத்தான். நகலெடுத்த பின், புதியதற்குத் தனி அடையாள எண் கொடுக்க இன்னொரு கட்டளை. இதை மறந்தால் இரண்டு டிஸ்க்குக்கும் ஒரே ஆதார் எண் மாதிரி ஆகிவிடும்.

புது டிஸ்க் வேறு கம்பெனி. அளவு ஒத்துப்போகுமா என்று கவலைப்பட்டேன், புதியது ஒரு செக்டர் குறைந்தாலும் பழைய அட்டவணை அதில் அப்படியே பொருந்தாது. இரண்டிலும் ஒரே எண்: 7,81,40,37,168 செக்டர், ஒவ்வொன்றும் 512 பைட். கம்பெனிகள் தங்களுக்குள் இதில் ஓர் ஒழுங்கு வைத்திருக்கின்றன. எங்கள் ஊரில் டெய்லி காலண்டர் அட்டையின் அளவு விஷயத்தில் இந்த ஒற்றுமை வர இன்னும் எத்தனை ஆடி ஆகுமோ.

இரவு 8.40-க்கு ஆட் கட்டளை. நிலவரத்தைக் கேட்டால், சதுர அடைப்புக்குள் புள்ளிகள் வரிசையாக நிற்கின்றன. இடப்பக்கத்திலிருந்து ஒவ்வொரு புள்ளியாகச் சமக்குறியாக மாறிக்கொண்டே வருகிறது, நுனியில் ஓர் அம்புமுனை. பக்கத்தில் சதவீதம், முடிய இன்னும் எத்தனை நிமிடம், வேகம். தொடக்கத்தில் நொடிக்கு 175 எம்பி. உள்வட்டத்துக்குப் போகப் போகக் குறைந்து கடைசியில் 85-க்கு வந்தது. எல்லா ஹார்ட் டிஸ்க்கும் அப்படித்தான், தட்டின் வெளிவட்டத்தில் ஒரு சுற்றில் அதிகம் அடங்கும். இத்தனைக்கும் நடுவில், ஒரு பார்ட்டிக்கு அவசரமாக வேண்டும் என்று பத்தரை மணிக்குப் பழனி முருகன் ஒன்றைத் திறந்து நிறம் திருத்திச் சேமித்தேன். திறக்கச் சற்றுத் தாமதம், அவ்வளவுதான். நாம் வேலை செய்தால் அது ஒதுங்கி வழி விடுகிறது, நாம் ஓய்ந்தால் முழு மூச்சில் ஓடுகிறது. அந்த ஒதுங்கலுக்கும் ஓட்டத்துக்கும் கீழ்வரம்பு, மேல்வரம்பு இரண்டு எண்களாக இருக்கின்றன. வழக்கமாக நொடிக்கு 1,000 கேபி, 2,00,000 கேபி. நான் கை வைக்கவில்லை.

ஒன்றே கால் மணிக்கு மின்சாரம் போனது. யுபிஎஸ் கீச்சென்றது. பன்னிரண்டு நிமிடம் அந்தச் சமக்குறிகளை இருட்டில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். முறையாக நிறுத்தினால் விட்ட இடத்திலிருந்து தொடரும் என்று மருமகன் சொல்லியிருந்தான். சோதித்துப் பார்க்கும் ஆசை எனக்கு இல்லை. மின்சாரம் வந்தது. எனக்கு இருந்த பயம் மின்சாரம் பற்றியதுகூட அல்ல, 7046 பற்றியது. அதற்கும் வயது 44 ஆயிரம் மணி. ஆறு ஆண்டாகத் தொடாத மூலைகளை எல்லாம் அன்று ஒரே இரவில் முழுதாகப் படித்துக் கொடுக்க வேண்டியிருந்தது. எங்காவது ஒரு செக்டர் அழுகியிருந்தால் அன்றுதான் தெரியும்.

முன்கூட்டியே தெரிந்துகொள்ளவும் வழி வைத்திருக்கிறார்கள். டெபியன் என்ற லினக்ஸ் வகையில் மாதத்தின் முதல் ஞாயிறு, நள்ளிரவு தாண்டியதும், இரண்டு டிஸ்க்கையும் முழுக்கப் படித்து ஒப்பிட்டுப் பார்க்கும் வேலை தானாகவே தொடங்கும். நல்ல ஏற்பாடு. கரண்டு பில்லை மிச்சம் பிடிக்கச் சனிக்கிழமை இரவே நான் பெட்டியை அணைத்துவிடுகிறேன் என்பது அதற்குத் தெரியாது. ஆறு ஆண்டில் ஒரு தடவைகூட அந்தச் சோதனை நடக்கவில்லை. மிச்சம் பிடித்தது எவ்வளவு என்று கணக்குப் போட எனக்கு மனமில்லை.

காலை 5.10-க்கு இரண்டு யு-வும் வந்துவிட்டன. எட்டரை மணி நேரம். அடுத்த ஞாயிறு பெட்டியை அணைக்காமல் விட்டு ஒப்பீட்டுச் சோதனையையும் நானே கட்டளை கொடுத்து ஓட்டினேன். வேறுபாடு சுழியம். என் முகவரியையும் சேர்த்தாயிற்று. சோதனைக் கடிதம் கைபேசிக்கு வந்தது, உண்மையுள்ள, இத்யாதி.

எங்கள் பெட்டியில் இயங்குதளம் தனி எஸ்எஸ்டியில் இருப்பதால் வேலை இத்தோடு முடிந்தது. உங்கள் இயங்குதளமும் மிரரிலேயே இருந்தால், பெட்டியை எழுப்பிவிடும் பூட் லோடர் என்ற சிறு நிரலைப் புது டிஸ்க்கிலும் நிறுவ வேண்டும். மிரர் அதைப் பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிட்டால், பழைய டிஸ்க் சாகும் அன்று தரவெல்லாம் பத்திரமாக இருக்கும், பெட்டி மட்டும் எழுந்திருக்காது.

யாருக்கு இந்த மென்பொருள் ஆகாது என்றும் சொல்ல வேண்டும். கறுப்புத் திரையில் எழுத்துத் தட்டப் பயப்படுகிறவர்களும், தொலைபேசியில் கூப்பிட ஒரு மருமகன் இல்லாதவர்களும் ஐந்தாறாயிரம் கூடப் போனாலும் பட்டன் வைத்த பெட்டியை வாங்கிக்கொள்ளலாம். செத்த டிஸ்க்குக்கு முன்னால் சிவப்பு விளக்கு எரியும், தவறானதைக் கழற்றும் வாய்ப்பு குறைவு. எம்டிஏடிஎம் விளக்குப் போடாது. தவறான டிஸ்க்கின் பெயரைச் சரியாகத் தட்டினால், சரியாக அதைத்தான் செய்யும்.

3318-ஐப் பையன் கேட்டான், கொடுத்துவிட்டேன். பிரித்துக் காந்தத்தை எடுத்துக்கொண்டு, கண்ணாடிபோல் இருந்த தட்டு ஒன்றைக் கல்லாவுக்கு மேல் ஆணியில் மாட்டியிருக்கிறான். 7046 இன்னும் உள்ளே ஓடிக்கொண்டிருக்கிறது, ஆனால் அதன் வயதை நினைத்தால் ராத்திரி தூக்கம் சரியாக வருவதில்லை. கெடுவதற்கு முன்பே மாற்றுவதென்றால், மூன்றாவது டிஸ்க்கை வேறொரு கேபிளில் செருகி, பழையதைக் கழற்றாமலே புதியதற்கு நகலெடுக்கச் சொல்லும் ரிப்ளேஸ் என்ற கட்டளை இருக்கிறதாம். நகல் முடியும்வரை மிரர் ஒரு நொடிகூட ஒற்றைக்காலில் நிற்காது. மதுரைக் கடைக்காரரிடம் இன்னொன்று சொல்லிவைத்திருக்கிறேன், வேறு கம்பெனியாகப் பார்த்து. ஆடிப்பெருக்கு முடிந்த மறுநாள் வரச் சொன்னார், இரண்டு மணிக்கு முன்னால்.